போனஸ் வாங்கிய 14 பேர் திரும்பி வரவில்லை

கேள்வி: ஐயா, திருப்பூரில் 60 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்தது, நான் பொறுப்பெடுத்து 4 வருடம் ஆகிறது. பெரும்பாலும் ஏற்றுமதி கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்தான். ஆட்களை உற்சாகமாக வைத்திருக்க என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். மாதம் முழுக்க லீவு போடாதவர்களுக்கு 1,000 ரூபாய் தருகிறேன். மாதா மாதம் ‘சிறந்த ஊழியர்’ ஒருவரைத் தேர்ந்தெடுத்து, போட்டோ மாட்டி, குக்கரோ மிக்சியோ பரிசு கொடுக்கிறேன். காலையில் 5 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அரை மணி நேரச் சம்பளம் பிடித்தம். முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. தீபாவளிக்கு போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் 14 பேர் திரும்பவே இல்லை. அடுத்த வருடம் போனஸில் பாதியைப் பொங்கல் முடிந்து வந்த பிறகு தரலாமா? இல்லை, ஊக்கத்தொகையை 2,000 ரூபாய் ஆக்கலாமா? இவர்களை எதுதான் ஊக்கப்படுத்தும்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், வயது 31, திருப்பூர்)

பதில்:

தம்பி, போனஸ் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதில் சட்டம் இருக்கிறது, நீங்கள் சிக்கலில் மாட்டக்கூடாது. பாதியைப் பிடித்து வைக்காதீர்கள்.

1965 போனஸ் சட்டத்திலும் சரி, அதன் இடத்துக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் சரி, குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது, கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தில் ஒரு மாதத்துக்கு உரியது. சட்டம் சொல்லும் சம்பள வரம்புக்குள் இருப்பவர் வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே அந்த உரிமை வந்துவிடுகிறது. கணக்கு ஆண்டு முடிந்து 8 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மார்ச் 31-ல் கணக்கு முடிக்கிறீர்கள் என்றால் நவம்பர் 30 கடைசி நாள். பொங்கல் அதைத் தாண்டிப் போய்விடும்.

சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். உங்களிடம் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் அம்மா, தீபாவளிக்கு இவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு ஆடி மாதத்திலேயே எங்கேயோ கை நீட்டியிருப்பார். பாதியை நிறுத்தினால் அவர் வீட்டில் அன்றைக்கே பிரச்சினை. அந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் உங்கள் வீதி முழுக்கத் தெரிந்துவிடும். ‘டெய்லர்கள் தேவை’ என்ற போர்டு தொங்காத கேட் திருப்பூரில் ஏது? நீங்கள் பிடித்து வைத்த பாதிக்காக ஒருவர் திரும்பி வந்தாலும், அதை வாங்கிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை போய்விடுவார். அந்த ஒரு வாரம் அவர் எந்த மனநிலையில் தைப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்த 1,000 ரூபாய்க்கு வருவோம். 4-ஆம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல். அம்மா லீவு போடுகிறார். அன்றோடு அந்த மாத 1,000 போய்விட்டது. மீதி 20 நாளுக்கும் உங்கள் ஊக்கத்தொகையில் அவருக்கு எதுவும் இல்லை. ரேஷன் கடை, பள்ளிக்கூட மீட்டிங், பக்கத்து ஊரில் ஒரு சீமந்தம் என்று தள்ளிப்போட்டு வைத்திருந்ததை எல்லாம் அந்த மாதத்திலேயே முடித்துக்கொள்கிறார். நீங்கள் அதைப் பொறுப்பில்லாமை என்கிறீர்கள். உங்கள் திட்டமே அந்தக் கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

இது நான் ஊகித்துச் சொல்வது இல்லை. அமெரிக்காவில் ஒரு சலவை நிறுவனத்தின் ஐந்து ஆலைகளில் ஒன்றில் மட்டும் இதே மாதிரி வருகைப் பரிசு வைத்தார்கள். மாதம் முழுக்க ஒழுங்காக வந்தவர்கள் பெயரைக் குலுக்கிப் போட்டு ஒருவருக்குப் பரிசு அட்டை. இதை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். பரிசுக்குத் தகுதி இருக்கும்வரை நேரத்துக்கு வந்தவர்கள், தகுதி போனதும் பழையபடி ஆகிவிட்டார்கள். அதை விட வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. பரிசு வருவதற்கு முன்பே எந்தப் பரிசும் இல்லாமல் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள் அல்லவா, அவர்களுடைய வேலைத்திறன் குறைந்தது. இத்தனை நாள் நாங்கள் தானாகச் செய்ததற்கு மதிப்பில்லையா என்ற மனக்குறை அங்கே வந்துவிட்டது. உங்கள் 60 பேரில் அப்படிப்பட்டவர்கள் ஒரு பத்துப் பேராவது இருப்பார்கள். அப்பா காலத்திலிருந்து வருகிறவர்கள். முதலில் அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

அதனால் 2,000 ஆக்க வேண்டாம். அதே 1,000-ஐ வாரத்துக்கு 250 என்று பிரித்துவிடுங்கள். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் திங்கட்கிழமை புதுக்கணக்கு. முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுக்கும் ஒரு நாளை அதில் கழிக்காதீர்கள். சொல்லாமல் போகிறவர்தான் உங்கள் லைனை முடக்குகிறார். சொல்லிவிட்டுப் போகிறவருக்குப் பதில் ஆள் போட உங்களுக்கு நேரம் கிடைக்கிறது.

தாமதத்துக்கு அரை மணி பிடித்தம் என்பதை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். வராத நேரத்துக்கு உரிய அளவுதான் பிடிக்கலாம், அதற்கு மேல் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. அது பலனும் தராது. இஸ்ரேலில் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான ஆய்வு அது. தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. அபராதத்தை எடுத்த பிறகும் குறையவில்லை. ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் முன்பு இருந்தது. காசு கட்டிவிட்டால் கூச்சப்பட என்ன இருக்கிறது? உங்கள் இடத்திலும் 10 நிமிடம் தாமதமானவர், எப்படியும் அரை மணி போய்விட்டது என்று டீக்கடையில் நின்று நிதானமாக உள்ளே வருவார். யாராவது தினமும் தாமதம் என்றால் எந்த பஸ்ஸில் வருகிறார் என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு யூனிட்டில் ஷிப்ட் 8.30-க்கு, அந்தப் பக்கத்து ஊர் டவுன் பஸ் வருவது 8.35-க்கு. ஆறு பெண்கள் வருடக்கணக்கில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் 8.40 என்று வைத்து, சாயங்காலம் 10 நிமிடம் சேர்த்துக்கொண்டதும் பேச்சே அடங்கியது.

‘சிறந்த ஊழியர்’ பற்றி எழுதும்போது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. பல வருடம் முன்பு ஓர் ஏற்றுமதி கம்பெனியில் நான் உற்பத்தி மேலாளர். உங்களைப் போலவே ஆர்வத்தோடு மாதம் ஒரு டெய்லரைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுக்க ஆரம்பித்தேன். பேட்லாக் மிஷின் ஓட்டும் ஒரு பெண்மணிக்கு அடுத்தடுத்து இரண்டு மாதம் கிடைத்தது. தகுதியானவர்தான், சந்தேகமே இல்லை. மூன்றாவது மாதம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். “சார், என் பேரை எடுத்துடுங்க. சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல உக்கார ஆளில்லீங்க” என்றார். அவருக்குப் போக வேண்டிய பண்டில், அதாவது தைக்க வேண்டிய துணிக்கட்டு, கொஞ்சம் தாமதமாகப் போனதும், கைமடிக்கும் பெண் அவரிடம் முகம் கொடுத்துப் பேசாததும் அதற்குப் பிறகுதான் என் கண்ணில் பட்டது. பேட்லாக்குக்கு வரும் பீஸ் ஓவர்லாக் முடிந்துதானே வருகிறது? அதற்கு முன் கட்டிங். பதினைந்து கை பட்டு வந்த வேலைக்கு ஒருவர் போட்டோவை மட்டும் நான் சுவரில் மாட்டியிருந்தேன்.

ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதே தவறு என்று சொல்லவில்லை. ஒடிசாவில் சிறு உற்பத்திக் கூடங்களில் 378 தொழிலாளர்களை வைத்து ஒரு மாதம் நடத்திய ஆய்வு இருக்கிறது, 2018-இல் வந்தது. மூன்று மூன்று பேராகப் பிரித்து, சில குழுக்களில் எல்லோருக்கும் ஒரே கூலி, சில குழுக்களில் ஆளுக்கொரு கூலி. யார் எவ்வளவு செய்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியாத வேலையில் கூலி வித்தியாசம் வந்தபோது உற்பத்தி விழுந்தது, வருகை 18 சதவீதப் புள்ளி குறைந்தது. வராவிட்டால் தங்கள் கூலியே போகும் என்று தெரிந்தும் வராமல் இருந்தார்கள். ஆனால் யார் கூடுதலாகச் செய்கிறார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கே தெளிவாகத் தெரிந்த இடத்தில் அந்தப் பாதிப்பு இல்லை. ஆக, உங்கள் பரிசு எதற்குப் போகிறது என்பதை லைனில் இருப்பவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். ஆபீஸ் அறைக்குள் நீங்களும் சூப்பர்வைசரும் பேசி முடிவு செய்தால், அது சூப்பர்வைசருக்கு வேண்டியவருக்குப் போனதாகத்தான் பேசிக்கொள்வார்கள். ஆல்டர், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்கும் வேலை, குறைந்த வாரத்தில் முழு லைனுக்கும் ஒரே தொகையைப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள்.

இனிதான் நான் உங்களிடம் கேட்க நினைப்பது. எது ஊக்கப்படுத்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். காலையில் 8.30-க்கு டிபன் கேரியரோடு வருகிற ஒருவர் வேலை செய்யத்தான் வருகிறார். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு ஒவ்வொரு பீஸும் காசு. அவரை ஊக்கப்படுத்துவதற்கு முன், அவர் கையைக் கட்டிப்போடுவது எது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தீர்களா?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆலோசனைக்குப் போன ஒரு யூனிட்டில், முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஓவர்லாக்கில் சோல்டர் அட்டாச் (தோள்பட்டையை இணைப்பது) செய்யும் ஓர் அம்மாவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கையில் ஒரு நோட்டு. அவரிடம் முதலிலேயே, “நான் உங்களை எண்ண வரலீங்க, உங்களைக் காக்க வைக்கிறதை எண்ண வந்தேன்” என்று சொல்லிவிட்டேன். மிஷினில் எண்ணெய் துடைத்து, குலதெய்வப் படத்தைத் தொட்டுக் கும்பிட்டு 8.30-க்கு உட்கார்ந்தார். கட்டிங்கில் நம்பர் போட்டு முடியாததால் முதல் பண்டில் வந்தது 8.50-க்கு. 9.40-க்கு நேவி ப்ளூ நூல் கோன் தீர்ந்தது. ஸ்டோர் சாவி வைத்திருந்தவர் பேங்க் போயிருந்தார், 25 நிமிடம். ஊசி உடைந்தது. உடைந்த துண்டு எல்லாம் கிடைத்தால்தான் புது ஊசி, அது ஏற்றுமதித் துணிக்கு அவசியமான விதிதான். துண்டு கிடைத்துவிட்டது, ஆனால் மெக்கானிக் மாடியில் இருந்தார், 15 நிமிடம். மதியத்துக்கு மேல் ஸ்டைல் மாற்றி மிஷினை செட் செய்ய 20 நிமிடம். இதெல்லாம் கூட அவர் முகத்தை மாற்றவில்லை.

3 மணிக்கு மேல் செக்கிங்கிலிருந்து 40 பீஸ் திரும்பி வந்தது. சோல்டரில் அளவு ஏறி இறங்கியிருந்தது. அந்த அம்மா ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து என்னிடம் காட்டினார். கட்டிங்கிலேயே அரை இஞ்ச் வித்தியாசம். அவர் தைத்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் 50 நிமிடம் உட்கார்ந்து பிரித்துத் திரும்பத் தைத்தார். ஆல்டருக்குப் பீஸ் ரேட் கிடையாது. அந்த 50 நிமிடமும் கூலி இல்லாத வேலை. அதற்கிடையில் சூப்பர்வைசர் வந்து, “பார்த்துத் தைக்க மாட்டீங்களா?” என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டுவிட்டுப் போனார். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை, பிரித்த நூலை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

கூட்டிப் பார்த்தேன். 2 மணி 10 நிமிடம். எட்டு மணி நேரத்தில் கால்பங்குக்கு மேல் அவருடைய சம்பாத்தியத்தைக் கம்பெனியே தடுத்து வைத்திருந்தது. அதே சுவரில் ‘உழைப்பே உயர்வு’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அவருக்கு அதைப் படித்தால் எப்படி இருக்கும்?

நீங்களும் இதைச் செய்யுங்கள். ஆள் அனுப்பாதீர்கள், நீங்களே உட்காருங்கள். மூன்று நாள், மூன்று மிஷின். உங்கள் நோட்டில் வருவது என்னுடையதிலிருந்து வேறாக இருக்கலாம், ஆனால் மூன்று விஷயம் நிச்சயம் வரும் என்று நினைக்கிறேன். மறுநாளைக்கு வேண்டிய நூலும் முதல் பண்டிலும் முந்தின நாள் சாயங்காலமே மிஷின் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்தவர் தவறால் வரும் ஆல்டருக்கு, தைப்பவருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். கொடுக்க ஆரம்பித்தால்தான் கட்டிங்கில் எவ்வளவு தவறு நடக்கிறது என்பது உங்கள் கணக்குப் புத்தகத்தில் தெரியும். மூன்றாவது, பீஸ் ரேட். ஸ்டைல் ஏறும் முன் ரேட்டைப் போர்டில் எழுதுங்கள், எழுதியதை நடுவில் குறைக்காதீர்கள். ரேட் தெரியாமல் ஒரு வாரம் தைத்துவிட்டு, சனிக்கிழமை கவரைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் டெய்லருக்கு வரும் கோபத்தை எந்த மிக்சியும் ஆற்றாது.

வெயில் காலத்தில் உங்கள் ஷெட்டுக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது என்றும் பாருங்கள். பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில், மின்சாரம் மிச்சமாகும் என்று எல்.இ.டி. விளக்குகளைப் போட்டார்கள். சூடு குறைந்ததில் வெயில் நாட்களின் உற்பத்தியும் கூடியது. முகத்துக்கு மேலே தொங்கும் பழைய விளக்கின் சூட்டைக் குறைத்ததும் தைக்கிற கை தானாக வேகம் பிடித்திருக்கிறது.

இதையெல்லாம் எழுதுவதால் பணம் முக்கியம் இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து கம்பெனியை விடக் குறைந்த சம்பளம் கொடுத்துவிட்டு அன்பாகப் பேசி ஆளை நிறுத்தலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். 1913-இல் அமெரிக்காவில் ஃபோர்டு கார் கம்பெனியில் வருடத்துக்கு 370 சதவீதம் ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். ஓர் இடத்துக்கு வருடத்தில் நாலு பேரை எடுக்க வேண்டிய நிலை. 1914 ஜனவரியில் ஒரு நாள் கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக, 5 டாலர் ஆக்கி, வேலை நேரத்தையும் 9-லிருந்து 8 மணியாகக் குறைத்தார்கள். அடுத்த வருடமே அந்தப் போக்கு சரிந்துவிட்டது. உங்களால் இரட்டிப்பாக்க முடியாது, தெரியும். ஜாப் ஒர்க் ரேட் உங்கள் கையில் இல்லை, பில் பணம் இரண்டு மாதம் இழுக்கிறது. அதற்காகச் சனிக்கிழமை சம்பளத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளாதீர்கள். சிறு, குறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் 45 நாளுக்குள் பணம் வாங்கும் உரிமை 2006 சட்டத்தில் உங்களுக்கு இருக்கிறது. பதிவு செய்யவில்லை என்றால் உடனே செய்யுங்கள். உங்களுக்கு வர வேண்டியது தாமதமானால் எவ்வளவு எரிச்சல் வருகிறதோ, அதே எரிச்சல்தான் அவர்களுக்கும்.

குழந்தைகளுக்கு ஓர் அறை இருக்கிறதா? பழைய தொழிற்சாலைச் சட்டத்திலேயே 30 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பறை கட்டாயமாக இருந்தது. நீங்கள் தரும் 1,000 ரூபாயை விட அந்த அறைதான் நிறையப் பேரை வேலைக்கு வரவைக்கும்.

அப்புறம், சூப்பர்வைசர். நல்ல டெய்லராக இருந்தவரைச் சூப்பர்வைசர் ஆக்கியிருப்பீர்கள். பேசுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். உங்கள் கம்பெனியில் ஒடிசா, பீகார் பையன்கள் எத்தனை பேர்? அவர்களை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, ‘இந்திக்காரன்’ என்றா, டோக்கன் நம்பரிலா? ஒடியா பேசுகிற பையனை ‘இந்திக்காரன்’ என்று மூன்று வருடம் கூப்பிட்ட ஒரு லைனைப் பார்த்திருக்கிறேன். பெயரைக் கேட்டு, சரியாகச் சொல்லிப் பழகி, நீங்கள் முதலில் கூப்பிடுங்கள். சூப்பர்வைசர் அப்புறம் தானாக மாறுவார். லைனுக்கு நடுவே யாரையும் சத்தம் போடக்கூடாது, சொல்ல வேண்டியதைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு கட்டளையாகவே வையுங்கள்.

பெங்களூருவில் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவு சம்பள உயர்வு வராமல் தொழிலாளர்கள் மனம் விட்டிருந்த நேரத்தில், அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் பெயர் கேட்காமல் கருத்துக் கேட்டார்கள். வேலை எப்படி, சம்பளம் எப்படி, சூப்பர்வைசர் எப்படி என்று. சம்பளம் ஒரு ரூபாய் கூடவில்லை. இருந்தும் கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

அதனால் நோட்டோடு உட்காருவதற்கும் முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. போன 14 பேரின் போன் நம்பர் உங்களிடம் இருக்கும். நீங்களே கூப்பிடுங்கள். திரும்பி வரச் சொல்லிக் கேட்காதீர்கள், அட்வான்ஸ் பேச்சை எடுக்காதீர்கள். ஒடிசாவில் இருப்பவரிடம் பேச, லைனில் இருக்கும் அவர் ஊர்க்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இங்கே இனி வேண்டாம்னு எந்த நாள் முடிவு பண்ணுனீங்க?” என்னிடம் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் பலர் தீபாவளியைச் சொன்னதில்லை. வைகாசியிலோ ஆடியிலோ ஒரு நாளைச் சொல்வார்கள், அன்று நடந்ததைச் சொல்வார்கள், அன்று யார் என்ன பேசினார்கள் என்றும் சொல்வார்கள். மறுத்துப் பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். பதினான்கு பேரிடமும் பேசி முடித்ததும் எனக்கு எழுதுங்கள், அந்த நாட்களை வைத்துக்கொண்டு மேலே பேசுவோம்.